மேலே பார்த்த பெயர்கள்

டெல்பின் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதல் காரியமாகக் கையை ஒரு தட்டுத் தட்டுவாள். பளாரென்று ஒரே ஒரு தட்டு. பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டு கூரையைப் பார்ப்பாள். அவள் பாட்டுக்குத் தட்டிவிட்டு நிற்பாள், உடன் வந்தவர்கள்தான் நெளிய வேண்டும். பேங்கில் தட்டினால் வாட்ச்மேன் எழுந்து நிற்பார். ஆஸ்பத்திரியில் தட்டினால் நர்ஸ் முறைப்பார். ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பார்க்கப் போய் அங்கேயும் தட்ட, மண்டபத்துக்காரரான ஐயங்கார் உள்ளேயிருந்து ஓடிவந்து, "யாரைக் கூப்பிடறேள்? பரிசாரகாள்லாம் சாப்பிடப் போயிருக்கா" என்றார்.

கல்யாணமாகி எடமலைப்பட்டி புதூரில் கணவன் வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்தபோதும் தட்டினாள். மாமியார் அதைப் பெண்ணின் ஊரான காட்டூர்ப் பக்கத்துச் சம்பிரதாயம் என்று நினைத்துத் தானும் தட்டினார். பின்னால் நின்ற சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் தட்டினார்கள். மாப்பிள்ளை பிரவீன்ராஜுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். "வீடு எப்படி?" என்று காதோரம் கேட்டார். "ஹால்ல கொஞ்சம் எக்கோ இருக்கு. சோபா போட்டா சரியாயிடும்" என்றாள் மணப்பெண்.

பெரிய கூடங்களில் எதிரொலியைக் குறைப்பதுதான் டெல்பினின் தொழில். நம் ஆட்களுக்குக் கூடம் என்றால் பளபளக்க வேண்டும். தரையில் கிரானைட், சுவரில் டைல்ஸ், மேலே வழவழவென்று கான்கிரீட். பேச்சு போய் அதில் மோதித் திரும்பி வரும். முதல் வார்த்தை திரும்பி வருவதற்குள் இரண்டாவது வார்த்தை கிளம்பியிருக்கும். இரண்டும் நடுவழியில் கட்டிப்புரண்டு, கேட்பவன் காதுக்கு வரும்போது எதற்கும் உருவம் இருக்காது. டெல்பின் பாலியஸ்டர் நாரை அழுத்திச் செய்த கனமான பலகைகளைக் கூரைக்குக் கீழே அலுமினியச் சட்டத்தில் வரிசையாகப் படுக்க வைப்பாள். பேனல் என்பார்கள். நாருக்கு இடையில் இருக்கும் பொடிப்பொடி ஓட்டைகளுக்குள் சத்தம் நுழையும், திரும்பி வராது. அவ்வளவுதான் வித்தை.

ஸ்ரீரங்கத்து மண்டபத்துக்கு அப்படித்தான் மாட்டிக் கொடுத்தாள். ஒரு மாதம் கழித்து ஐயங்கார் போன் பண்ணினார். "சத்தம் நன்னா அடங்கிடுத்தும்மா, பரம க்ஷேமம். ஆனா ஒரு சங்கடம். பொண்ணாத்துக்காரா பின்வரிசையில உக்காந்து பேசற வம்பெல்லாம் இப்போ மணமேடைக்கே கேக்கறது." அதற்குத் தன்னிடம் பேனல் இல்லை என்று டெல்பின் பணிவோடு சொல்லிவிட்டாள்.

ஊரில் இருக்கிற கூடத்தையெல்லாம் அடக்கியவளுக்கு ஒரே ஒரு கூடம் மட்டும் சிம்மசொப்பனம். அது அவள் பிறந்து வளர்ந்த காட்டூர்ப் பக்கத்து மாதா கோயில் பங்கின் சமூகக்கூடம். பங்கின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அந்தக் கூடத்தில் மைக்கில் என்ன பேசினாலும் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசியது மாதிரிதான் கேட்கும். அங்கே வருகிறவர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். மைக்கில் சத்தம் நின்றால் எல்லோரும் 'ஆமென்' என்பார்கள். ஜெபமா, அறிவிப்பா, பார்க்கிங்கில் வண்டியை எடுக்கச் சொல்கிறார்களா என்பது யாருக்கும் தெரியாது. எதற்கும் 'ஆமென்' சொல்லிவைத்தால் பாவமில்லை என்று இருந்துவிட்டார்கள். ஒருமுறை தண்ணீர் மோட்டார் எரிந்துபோன செய்திக்குக்கூட 'ஆமென்' சொல்லியிருக்கிறார்கள்.

டெல்பினின் அப்பா பிலோமின்ராஜ் ஸ்ரீரங்கம்–ஜங்ஷன் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என்ஜின் இரைச்சலும் அவருடைய சொந்த விசிலும் சேர்ந்து காதைத் தின்றுவிட்டன. இப்போது காது மெஷின் வைத்திருக்கிறார். வீட்டில் அது அருமையாக வேலை செய்யும். மனைவி அற்புதம்மாள் பேச ஆரம்பித்ததும் பொத்தானை அமுக்கி அணைத்துவிடுவார். "பேட்டரி போயிருச்சு" என்று சைகையில் சொல்வார். அதே பேட்டரி கிரிக்கெட் தொடங்கும்போது உயிர்த்தெழும்.

ஆனால் கூட்டத்துக்குப் போனால் மெஷின் அவரை ஏமாற்றியது. அது பாவம், எது பேச்சு எது எதிரொலி என்று அதற்குத் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காதில் கொட்டும். அதனால் விசேஷங்களில் யார் வந்து என்ன சொன்னாலும் பிலோமின்ராஜ் முகம் நிறையச் சிரித்து, "ரொம்ப சந்தோஷம், ரொம்ப சந்தோஷம்" என்று கையைப் பிடித்துக்கொள்வார். விசேஷ வீட்டில் அது எப்போதும் செல்லும் காசு.

ஒரு நாள் செல்லாமல் போனது. பேரன் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்து அதே கூடத்தில் நடந்தது. அவரோடு ஒரே பஸ்ஸில் டிரைவராக இருந்த அப்துல் ஹலீம் வந்திருந்தார். ரிட்டயர் ஆனபின் மகனோடு உப்பிலியபுரத்தில் இருப்பவர். போனில் சொன்னால் பிலோமின்ராஜுக்கு எதுவும் கேட்காது என்பதால் நேரில் சொல்ல பஸ் ஏறி வந்திருந்தார். கூட்டத்தை விலக்கி வந்து குனிந்து, தன் மனைவி ஜமீலா இறந்துபோனதைச் சொன்னார். பிலோமின்ராஜ் முகம் நிறையச் சிரித்தார். "ரொம்ப சந்தோஷம் பாய், ரொம்ப சந்தோஷம்" என்று தோளைத் தட்டினார். ஹலீம் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாப்பிடாமல் போய்விட்டார்.

பக்கத்தில் தட்டேந்தி நின்ற டெல்பினுக்கு அது கேட்டது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று பிறகு பலமுறை நினைத்தாள். பிலோமின்ராஜ் மெஷினைக் கழற்றி டிவி மேல் வைத்தவர் அன்று முழுவதும் அதைத் தொடவில்லை. "உப்பிலியபுரம் போய்ப் பாத்துட்டு வந்துரலாம்பா" என்றால், "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது? ஜமீலா கையால நான் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கேன் தெரியுமா?" என்பார். அதற்குப் பிறகு அவர் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. வெட்கம் ஒரு வருஷத்தில் நன்றாக வளர்ந்து வீட்டில் ஓர் ஆளாகவே உட்கார்ந்துவிட்டது.

இந்த நிலைமையில்தான் அவர்களுடைய ஐம்பதாவது திருமண நாள் வந்தது. கல்யாணம் நடந்த கோயிலில் பூசை, அந்தக் கூடத்திலேயே விருந்து என்று அற்புதம்மாள் ஒரே பிடியாக நின்றார். ஹலீமுக்கும் பத்திரிகை போயிற்று. வருவதாக அவருடைய பேத்தி மூலம் பதில் வந்தது.

"பூசைக்கு வரேன். அந்த அண்டாவுக்குள்ள வரமாட்டேன்" என்றார் பிலோமின்ராஜ். "பாய் திரும்பவும் வந்து எதையாச்சும் சொல்லுவாரு. நான் திரும்பவும் சிரிப்பேன். வேணாம்மா."

டெல்பின் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கூடத்தை நான் சரி பண்றேன்பா. நீங்க வாங்க, போதும்" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, பங்குப் பேரவைச் செயலாளர் இருதயமேரி டீச்சரை அசைப்பது லேசான காரியமில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றாலும் பள்ளிக்கூடம் அவரை விட்டு ஓய்வு பெறவில்லை. "கூரையில பஞ்சு ஒட்டறதுக்கெல்லாம் பேரவை ஒத்துக்காது டெல்பின்" என்றார். அங்கேதான் டெல்பின் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டினாள். பின்னால் அது அவள் தலையிலேயே விடியப் போகிறது என்று அப்போது தெரியவில்லை. "ஒரு பேனலுக்கு ஒரு உபயம்னு அறிவிச்சுப் பாருங்க டீச்சர்" என்றாள்.

நம் ஊரில் ஒருவர் டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால், வெளிச்சம் வருகிறதா என்று யார் பார்க்கிறார்கள்? உபயம் என்று தொடங்கி, கொடுத்தவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், தொழில் எல்லாம் பெயிண்டில் எழுதி முடித்தபின், மிச்சம் இருக்கும் இரண்டு விரல் இடத்தில் வெளிச்சம் தன் சாமர்த்தியத்தில் வெளியே வந்துகொள்ள வேண்டும். உபயம் என்ற சொல்லைக் கேட்டதும் பங்கு மக்கள் முண்டியடித்தார்கள். கூரை போதாமல் போயிற்று. டெல்பினும் அப்பா அம்மா பெயரில் ஒன்று கொடுத்தாள். வாசலில் ஒரு கல்வெட்டு வைத்து எல்லாப் பெயரையும் அதில் பொறிப்பார்கள் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். யாரையும் கேட்கவில்லை.

பேனல் ஏறியது. சந்தன நிறத்தில், பெயிண்ட் இல்லாத வெறும் நார். மாட்டி முடித்ததும் நடுக்கூடத்தில் நின்று தட்டினாள். டப். அவ்வளவுதான். சத்தம் அவள் கையை விட்டு எங்கும் போகவில்லை. டெல்பின் அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றி ஆடினாள். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை. மறுநாளே உப்பிலியபுரம் பக்கம் ஒரு மண்டப வேலைக்குப் போய்விட்டாள்.

வேலை முடித்து, விருந்துக்கு முந்தின வாரம் சும்மா ஒரு பார்வை பார்க்கலாம் என்று கூடத்துக்குள் நுழைந்தவள் வழக்கம்போல் தட்டினாள். கூடம் திருப்பித் தட்டியது. ஒருமுறை இல்லை, தேர்தல் கூட்டம் மாதிரி தட்டித் தீர்த்தது. அண்ணாந்து பார்த்தாள். கூரை முழுக்க மாதாவின் நீல நிறத்தில் பளபளத்தது. ஒவ்வொரு பேனலிலும் வெள்ளை எழுத்தில் உபயம், உபயம், உபயம்.

பெயிண்டர் வீரமலை ஏணியில் இருந்து இறங்கி வந்து பெருமையாக நின்றார். "டீச்சரம்மா சொன்னாங்க. ஒண்ணொண்ணா இறக்கி, ரெண்டு கோட்டு எனாமல் குடுத்து, அப்புறம் பேர் எழுதியிருக்கேன். தண்ணி ஊத்தினாக்கூட உள்ள இறங்காது பாத்துக்கங்க."

"தண்ணி மட்டுமா?" என்றாள் டெல்பின். நாரின் ஓட்டைகள் அத்தனையும் அடைபட்டுவிட்டன. இனிச் சத்தம் எங்கே நுழையும்? போன வழியே திரும்பி வரும். அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. உபயம் என்று வாயைத் திறந்தவள் அவள்தானே.

அழிக்கலாம் என்றால் அது முடியாது. நாரில் ஊறின பெயிண்ட் வராது. எடுத்துவிட்டுப் புதிது போடலாம் என்றால், பங்கு முழுவதும் தங்கள் பேனலுக்குக் கீழே நின்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டாயிற்று. அண்ணன் பெயர் மேடைக்கு நேராகவும் தம்பி பெயர் கைகழுவும் இடத்துக்கு நேராகவும் வந்துவிட்டதால் ஒரு குடும்பத்தில் பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது. இதில் கை வைப்பவள் உயிரோடு திரும்ப முடியாது.

டெல்பின் ஒரு பெஞ்சில் மல்லாந்து படுத்துவிட்டாள். நேர் மேலே 'பிலோமின்ராஜ் – அற்புதம்மாள்' என்று இருந்தது. அப்பாவின் பெயரே அப்பாவின் காதை அடைத்துக்கொண்டு நிற்கிறதே என்று நினைத்தபோது கண் கலங்கியது.

"ஏன் வீரமலை, மேல்பக்கத்துக்கும் பெயிண்ட் அடிச்சீங்களா?" என்று படுத்தபடியே கேட்டாள்.

வீரமலை சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "அது யாருக்கும் தெரியாத பக்கம்தானேங்க. எதுக்கு வீணா அடிச்சுக்கிட்டுன்னு விட்டுட்டேன்."

டெல்பின் துள்ளி எழுந்தாள். "நீங்க நல்லா இருக்கணும்!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். வேலையில் பாதியை விட்டதற்கு யாரும் இப்படி வாழ்த்தி வீரமலை பார்த்ததில்லை. மிரண்டு போனார்.

நேரே டீச்சர் வீட்டுக்குப் போனாள். "பேனலைத் திருப்பிப் போட்டாப் போதும் டீச்சர். பெயிண்ட் மேல போயிரும், வெறும் நாரு கீழ வந்துரும். சத்தம் அடங்கிடும்."

"பேரு?"

"பேரும் மேல பாக்கும்."

டீச்சரின் மூக்குக்கண்ணாடி இறங்கியது. "என்ன பேசற நீ? என் பேரு நட்டநடுவுல இருக்கு. வீட்டுக்காரர் பேரும் சேத்து."

"உபயம் யாருக்குக் குடுத்தீங்க டீச்சர்?"

"இதென்ன கேள்வி, ஆண்டவருக்குத்தான்."

"அவரு எந்தப் பக்கம் இருந்து படிப்பாரு?"

டீச்சர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். ஆயுள் முழுக்கப் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே மடக்கியவர். கடைசியில், "எனக்குச் சரிம்மா. மத்தவங்க ஒத்துக்கணுமே? எல்லார்கிட்டயும் சம்மதம் கேக்காம நான் செய்யமாட்டேன்" என்றார்.

"கண்டிப்பாக் கேளுங்க டீச்சர். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு டீ குடிக்க வருவாங்கல்ல, மைக்கிலயே கேட்டுருங்க" என்றாள் டெல்பின், முகத்தைப் பால் குடிக்கிற பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு.

டீச்சர் அவளை உற்றுப் பார்த்தார். மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. பேரவையை இத்தனை வருஷம் சும்மாவா நடத்துகிறார்?

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. டீச்சர் மைக்கைப் பிடித்து ஒளிவுமறைவு இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். எதிரொலியையும் எனாமலையும் விளக்கினார், பேனல்களைத் திருப்பிப் போடப் போவதாக அறிவித்தார். பொய் சொன்னார் என்று யாரும் அவர்மேல் பழி போட முடியாது. நீலக்கூரை அத்தனையையும் வாங்கிப் பிசைந்து திருப்பிக் கொடுத்தது. "இதற்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டு நிறுத்தினார்.

"ஆமென்" என்றது கூட்டம், டீயை ஊதிக்கொண்டே.

அந்த வாரமே டெல்பினின் ஆட்கள் வந்து பேனல்களைத் திருப்பிப் போட்டார்கள்.

திருமண நாளன்று பூசை முடிந்ததும் பிலோமின்ராஜ் கூடத்து வாசலில் நின்றுவிட்டார். பட்டு வேட்டி, கழுத்தில் மாலை, முகத்தில் பயம். டெல்பின் உள்ளே போய் நின்று தட்டினாள். டப். அவர் மெஷினை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இன்னொருதரம் தட்டச் சொன்னார். தட்டினாள். வலது காலை எடுத்து வைத்து மெதுவாக உள்ளே வந்தார்.

உள்ளே வேறொரு கச்சேரி நடந்துகொண்டிருந்தது. உபயதாரர்கள் எல்லோரும் அண்ணாந்து தங்கள் பெயரைத் தேடினார்கள்.

"எங்க பேரு எங்க டீச்சர்?"

"மேல பாக்குது. ஆண்டவர் படிக்கட்டும்."

"யாரக் கேட்டுத் திருப்புனீங்க?"

"உங்களத்தான் கேட்டேன். நீங்கதான் ஆமென்னு சொன்னீங்க."

உபயதாரர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் அந்தக் கூடத்தில் இனி முணுமுணுக்கவும் வழியில்லை. டீச்சரைப் பற்றிப் பின்வரிசையில் சொன்னது டீச்சருக்கே கேட்டது. மேடையில் அற்புதம்மாள் தன் தங்கையிடம், "இந்த மனுசனோட அம்பது வருசம் ஓட்டினதுக்கு எனக்குத்தான் கோயில்ல சுரூபம் வைக்கணும்" என்றது நாலாவது வரிசை வரை கேட்டுச் சிரிப்பு எழுந்தது. பிலோமின்ராஜுக்கும் கேட்டது. "வெச்சுருவோம், உபயம் என் பேர்ல" என்றார். அவர் கூட்டத்தில் பதில் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. டெல்பினுக்கு அந்த இடத்திலேயே அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

அப்போது ஹலீம் வந்தார். வெள்ளைத் தொப்பி, கையில் பழப்பை. கூட்டத்தை விலக்கி மேடையேறி வந்து, "நல்லா இருக்கணும் கண்டக்டரே" என்றார்.

பிலோமின்ராஜ் சிரிக்கவில்லை. கழுத்து மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். ஹலீமின் இரண்டு கைகளையும் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"பாய், அன்னிக்குச் சொன்னதை இன்னொருதரம் சொல்லுங்க."

"எதுக்கு கண்டக்டரே, நல்ல நாளும் அதுவுமா? உங்களுக்குக் கேக்கலைன்னு எனக்கு அப்பவே தெரியும். டெல்பின் பாப்பாவும் போன் பண்ணிச்சு."

"எனக்கு யார் யாரோ சொல்லித் தெரியும். நீங்க சொல்லி நான் கேக்கல. சொல்லுங்க."

ஹலீம் பழப்பையைக் கீழே வைத்தார். பிறகு சத்தமே எழுப்பாமல், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பேசுவது போலச் சொன்னார். "ஜமீலா மௌத்தாயிட்டா கண்டக்டரே. தூக்கத்துலயே போயிட்டா. முந்தின நாள்கூட உங்களக் கேட்டா. கண்டக்டர் அண்ணனுக்கு இன்னும் உறைப்பு ஆகுமான்னு கேட்டா."

ஒரு எழுத்து விடாமல் பிலோமின்ராஜுக்குக் கேட்டது. முகம் கோணி, குழந்தை மாதிரி அழுதார். ஹலீமும் அழுதார். கீழே நின்ற டெல்பின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாயசம் யாருக்கு வேண்டும் என்று யாரிடமோ தேவையில்லாமல் கேட்டாள்.

சாப்பாடு முடிந்ததும் இருதயமேரி டீச்சர் மைக்கைப் பிடித்தார். பெயர்கள் மேலே பார்ப்பதால் கீழே இருப்பவர்கள் மனம் நோகக்கூடாது அல்லவா? அதனால் உபயதாரர்கள் அத்தனை பேரையும் தகப்பனார் பெயர், ஊர், தொழிலோடு வாசிக்கப் போவதாக அறிவித்தார். தெள்ளத் தெளிவாகக் கேட்டது. யாருக்கும் தப்பிக்க வழியில்லை.

பிலோமின்ராஜ் காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்ப் பொத்தானை அமுக்கினார். ஹலீமைப் பார்த்துக் கண்ணடித்து, "உங்களுக்கு இந்த வசதி இல்லையே பாய்" என்றார், கொஞ்சம் சத்தமாகவே. கூடம் சிரித்தது. டீச்சர் முறைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

நெடுநேரம் கழித்து, "பிலோமின்ராஜ் – அற்புதம்மாள், காட்டூர். உபயம், மகள் டெல்பின்" என்று வாசித்தார். எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் பார்க்கவில்லை. அவர் ஹலீமின் கையைப் பிடித்தபடி, காதை அணைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.